விசித்திரக் கன்ட்ரோலர்களால் என்ன பயன்?

2018 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த யுஎஸ்எஸ் கொலராடோ நீர்மூழ்கிக் கப்பலில், கண்ணை வைத்துப் பார்க்கும் பழைய பெரிஸ்கோப் கிடையாது. கேமராக்கள் பொருத்திய கம்பம் ஒன்று நீருக்கு மேலே எழுந்து முழு வட்டமும் சுழலும். காட்சி உள்ளே திரையில் தெரியும். அந்தக் கம்பத்தை இயக்குவதற்கு முன்பெல்லாம் ஹெலிகாப்டர் விமானியின் பிடி போன்ற கனத்த கருவி இருந்தது. விலை சுமார் 38,000 டாலர். கொலராடோவில் அதே வேலையை எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் பார்க்கிறது. அப்போது அதன் விலை 30 டாலருக்கும் குறைவு. கெட்டுப்போனால் கடையில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். மணிக்கணக்கில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்த வேலை சில நிமிடங்களில் மாலுமிகளுக்குக் கைவந்தது. அவர்களில் பலர் அந்தக் கருவியோடு வளர்ந்தவர்கள்.

சாதாரணக் கன்ட்ரோலரின் வலிமை இது. இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சிலுவைப் பொத்தானை நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982-இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக அமைத்தார். 1997-இல் சோனியின் டூயல்ஷாக் இரண்டு குச்சிகளோடு வந்தது. அதற்குப் பிறகு இந்த வடிவத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பந்தயக் கார், கால்பந்து, வாள்சண்டை எல்லாவற்றையும் இரண்டு கட்டைவிரல்களும் இரண்டு சுட்டுவிரல்களும் சமாளித்துவிடுகின்றன.

ஆனாலும் கன்சோல் நிறுவனங்கள் விடவில்லை. துப்பாக்கி, கையுறை, நடனப் பாய், எடை பார்க்கும் பலகை, பிளாஸ்டிக் கிடார், மீன் தூண்டில், குலுக்கும் மராக்கஸ், ரயில் ஓட்டுநரின் பிரேக் என்று ஐம்பது ஆண்டுகளாக ஏதாவதொன்று கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலானவை ஓரிரு விளையாட்டுகளோடு பரணுக்குப் போய்விட்டன. அவற்றுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? உண்டு என்பதே என் பதில். ஆனால் பெட்டியின் மேல் விளம்பரம் காட்டிய இடத்தில் அந்தப் பயன் அநேகமாக இருந்ததில்லை. கருவி எதைப் போலத் தோன்றுகிறது என்பதற்கும் அதன் பயனுக்கும் சம்பந்தம் குறைவு. அது எதை அளக்கிறது, அளந்ததை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்த வழி விடுகிறதா என்ற இரண்டும்தான் அதன் தலைவிதியை நிர்ணயித்திருக்கின்றன.

தோற்றத்தை மட்டும் நம்பியவற்றை முதலில் முடித்துவிடலாம். ரெசிடென்ட் ஈவில் 4 விளையாட்டுக்காக, ரத்தம் தெறித்த மர அறுவை இயந்திரத்தின் வடிவில் ஒரு கன்ட்ரோலர் வந்தது. உள்ளே இருந்தவை அதே பொத்தான்கள், ஆனால் கைக்கு அடங்காத இடங்களில். அலமாரியில் வைக்க அழகு. 2009-இல் வந்த டோனி ஹாக்: ரைடு, சக்கரம் இல்லாத ஸ்கேட் பலகையோடு 120 டாலருக்கு விற்கப்பட்டது. பலகையைச் சாய்த்தால் திரையில் இருப்பவர் சாய்வார் என்றார்கள். எப்போது சாய்வார் என்பது பலகைக்கே நிச்சயமில்லாததுபோல் இருந்தது. டிஎச்கியூ நிறுவனத்தின் யூடிரா வரைபலகையின் கதை இன்னும் மோசம். 2010-இல் நின்டெண்டோவின் வீ கன்சோலில் நன்றாக விற்றது என்பதற்காக அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் செய்து குவித்தார்கள். சுமார் 14 லட்சம் பலகைகள் விற்காமல் தேங்கின. 2012 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது. அதற்குக் காரணங்கள் பல என்றாலும் இந்தப் பலகைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பட்டியலில் நான் மனமிரங்குவது ஒன்றுக்குத்தான். கேப்காம் 2002-இல் எக்ஸ்பாக்ஸுக்குச் செய்த ஸ்டீல் பட்டாலியன். ஏறத்தாழ 40 பொத்தான்கள், இரண்டு பிடிகள், மூன்று பெடல்கள், 200 டாலர். ராட்சத இயந்திர மனிதனுக்குள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். இயந்திரம் வெடிப்பதற்குள், மூடி போட்ட சிவப்புப் பொத்தானை அழுத்தி வெளியே குதிக்காவிட்டால், அதுவரை சேமித்த ஆட்டம் முழுவதும் அழிந்துவிடும். நடைமுறைப் பயன் ஏதும் இல்லை. ஆனால் பதற்றம் என்பதை ஒரு பொத்தானுக்குள் அடைத்த வேறொரு கருவியை நான் அறியேன்.

துப்பாக்கிக்கு வருவோம், இந்தக் குடும்பத்தில் மூத்தது அதுதான். வீட்டுக்கு வந்த முதல் கன்சோலான 1972-இன் மேக்னவாக்ஸ் ஒடிசிக்கே ஒரு துப்பாக்கி உண்டு. ஒளியைக் கண்டால் சுட்டதாக எண்ணிக்கொள்ளும். திரைக்குப் பதிலாக மின்விளக்கை நோக்கிச் சுட்டாலும் மதிப்பெண் கிடைக்கும். இந்த ஓட்டையை நின்டெண்டோவின் ஸாப்பர் அடைத்தது. நம்மூரில் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் வந்த மலிவு நகல்களோடு சேர்ந்து வந்த வாத்துச் சுடும் துப்பாக்கியும் இதன் வழித்தோன்றல்தான். அது எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை கண நேரம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். கறுப்பில் இருளையும் வெள்ளையில் ஒளியையும் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி கண்டால்தான் வாத்து விழும். விளக்கைப் பார்த்துச் சுட்டால் முதல் கணத்தில் இருள் இருக்காது, ஏமாற்ற முடியாது.

இவ்வளவு நுட்பமான உபாயத்துக்கு ஒரு பலவீனம். பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியில், கன்சோல் அனுப்பிய கணமே படம் ஒளிரும். தட்டைத் திரைகள் படத்தை வாங்கி, மெருகேற்றி, சற்றுத் தாமதித்துக் காட்டுகின்றன. துப்பாக்கி எதிர்பார்க்கும் நேரத்தில் ஒளி வருவதில்லை. எனவே எந்தப் பழுதும் இல்லாத துப்பாக்கிகள் உலகமெங்கும் ஊமையாகிவிட்டன. இதற்குப் பதில் சொல்வதுபோல் இன்று சிண்டன் என்ற பெயரில் வரும் துப்பாக்கி, திரையைச் சுற்றி வரையப்படும் வெள்ளைச் சட்டத்தைத் தன் கேமராவால் பார்த்து, தான் எங்கே குறிவைக்கிறது என்று கணக்கிடுகிறது. எந்தத் திரையானாலும் அதற்குக் கவலையில்லை.

பயன் என்று பார்த்தால், அமெரிக்கத் தரைப்படைதான் இந்தத் துப்பாக்கியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. தொண்ணூறுகளில் சூப்பர் நின்டெண்டோ கன்சோலோடு, எம்16 துப்பாக்கியைப் போன்ற ஒரு மாதிரியை இணைத்து வீரர்களுக்குக் குறிபார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சை அடக்குவது, விசையை உதறாமல் அழுத்துவது போன்ற பாலபாடங்களுக்குத் தோட்டா செலவழிக்க வேண்டியதில்லை. பொம்மையாகப் பிறந்த கருவி பள்ளிக்கூடமாக மாறிய முதல் உதாரணங்களில் ஒன்று.

1989-இல் மேட்டல் நிறுவனம் விற்ற பவர் கிளவ் கையுறையைப் பற்றிச் சிரிக்காதவர்கள் கேம் உலகில் குறைவு. விபிஎல் என்ற நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்காக உருவாக்கிய டேட்டா கிளவ் ஆயிரக்கணக்கான டாலர் பெறும். அதன் கருத்தை எடுத்து, கண்ணாடி இழைகளுக்குப் பதில் மின்கடத்தும் மை பூசிய பட்டைகளை விரல்களில் வைத்து, தொலைக்காட்சியைச் சுற்றி மீயொலி வாங்கிகளை ஒட்டி, 75 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். விளையாட்டுக் கருவியாக அது பெரும் ஏமாற்றம். அதற்கென்றே செய்யப்பட்டவை இரண்டே விளையாட்டுகள். மற்றவற்றில் கை வலித்ததுதான் மிச்சம். ஆனால் மெய்நிகர் உலகை ஆராய விரும்பி, பணமில்லாமல் தவித்தவர்களுக்கு அது வரமாக இருந்தது. விரல் மடங்குவதை அளக்கும் கருவி, விலை மாணவருக்கும் எட்டும். கணினியோடு அதை இணைக்கும் வழிகளைத் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதைவிட விசித்திரமான பயன் கால் நூற்றாண்டு கழித்து வந்தது. ரோபோ சிக்கன் தொடரில் பணியாற்றிய டில்லன் மார்க்கி, பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கும் அசைவூட்டக் கலைஞர். ஒவ்வொரு அசைவுக்கும் கணினியிடம் போய் ஒரு விசையைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அவர் ஒரு பவர் கிளவைப் பிரித்து, புளூடூத் பொருத்தி, மணிக்கட்டின் மேல் இருக்கும் பொத்தான்களால் கணினியை இயக்கினார். பொம்மையை நகர்த்த விரல்நுனியில் சிறு சாமணத்தையும் சேர்த்துக்கொண்டார். விளம்பரம் பெருமையடித்த விரல் சென்சார்கள் இங்கே முக்கியமில்லை. கையிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய பொத்தான் வரிசை, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

2006 நவம்பரில் வீ கன்சோல் வந்தபோது, விசித்திரமே விதியானது. தொலைக்காட்சி ரிமோட் போன்ற ஒரு குச்சியை வீசினால் டென்னிஸ் மட்டை. உருட்டினால் பவுலிங் பந்து. பத்துக் கோடிக்கு மேல் கன்சோல்கள் விற்றன. வீசிய வேகத்தில் கைநழுவிப் போய்த் தொலைக்காட்சிகளை உடைத்ததால், சில வாரங்களிலேயே 32 லட்சம் கைவார்களை மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவிக்க நேர்ந்தது. தோள்வலியோடு எழுந்த ஒரு மருத்துவர் அதற்கு 'வீயைட்டிஸ்' என்று பெயர் சூட்டி 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்கே கடிதம் எழுதினார்.

குச்சியின் முனையில் இருந்த சிறிய அகச்சிவப்புக் கேமராவை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. தொலைக்காட்சியின் மேல் வைக்கும் 'சென்சார் பார்' பெயரில்தான் சென்சார். அதில் இருப்பவை வெறும் விளக்குகள். இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். பார்ப்பது ரிமோட்தான், ஒரே நேரத்தில் நான்கு ஒளிப்புள்ளிகளைப் பின்தொடரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜானி சுங் லீ, இதைத் தலைகீழாகத் திருப்பினார். ரிமோட்டை ஓரிடத்தில் நிறுத்தி, நுனியில் அகச்சிவப்பு விளக்கு வைத்த பேனாவால் சுவரில் எழுதினார். புரஜெக்டர் படம் விழும் எந்தச் சுவரும் தொட்டு இயக்கும் பலகையானது. பள்ளிகள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய பலகையின் வேலையை, 40 டாலர் ரிமோட்டும் சில டாலர் பேனாவும் பெருமளவு செய்துவிட்டன. மென்பொருளையும் அவர் இலவசமாகக் கொடுத்தார். ரிமோட் சாதாரண புளூடூத்தில் பேசியதால்தான் இதெல்லாம் முடிந்தது என்பதை மறக்கக்கூடாது. நின்டெண்டோ திட்டமிட்டுத் திறந்துவைத்த கதவு என்று சொல்ல முடியாது; பூட்ட மறந்த கதவு.

அதே கன்சோலுக்கு 2007-இல் வந்த பேலன்ஸ் போர்டு, என் கணக்கில் இந்தக் குலத்திலேயே பயன் மிகுந்தது. ஏறி நின்று விளையாடும் பலகை புதிதல்ல. 1982-லேயே அமிகா நிறுவனம் அட்டாரிக்காக ஜாய்போர்டு என்ற ஒன்றைச் செய்தது. பிற்கால அமிகா கணினி செயலிழக்கும்போது காட்டும் 'குரு மெடிடேஷன்' என்ற புகழ்பெற்ற பிழைச் செய்தி, அதன் பொறியாளர்கள் இந்தப் பலகையில் அசையாமல் உட்கார்ந்து பழகியதிலிருந்து பிறந்த வேடிக்கை. ஆனால் ஜாய்போர்டு எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை மட்டுமே அறியும். பேலன்ஸ் போர்டின் நான்கு மூலைகளிலும் எடையை அளக்கும் சென்சார்கள் உண்டு. நான்கு எண்களையும் வைத்து, நிற்பவரின் அழுத்தம் பாதத்தின் எந்தப் புள்ளியில் விழுகிறது, அந்தப் புள்ளி எவ்வளவு அலைகிறது என்று கணக்கிடலாம். முதியவர்கள் விழும் அபாயத்தை மதிப்பிட மருத்துவர்கள் பார்க்கும் அளவுகளில் இதுவும் ஒன்று. அதற்கென்று இருக்கும் ஆய்வகத் தளமேடைகளின் விலை பல ஆயிரம் டாலர்.

2010-இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் கிளார்க்கும் உடனுழைத்தவர்களும் இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்தார்கள். நின்றபடி சமநிலை பார்க்கும் சோதனைகளில், 100 டாலருக்கும் குறைந்த விளையாட்டுப் பலகையின் அளவுகள் ஆய்வக மேடையின் அளவுகளோடு நெருக்கமாக ஒத்துப்போயின. அதற்குப் பிறகு உலகமெங்கும் ஆய்வாளர்கள் இந்தப் பலகையை வாங்கிக் கணினியோடு இணைத்தார்கள். குறைகளும் வெளிவந்தன. அளவெடுக்கும் இடைவெளி சீராக இருப்பதில்லை. குதிப்பது, ஓடுவது போன்ற வேக அசைவுகளுக்குப் போதாது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அது பொம்மைச் சந்தையின் ஆயுளோடு கட்டப்பட்டது. கன்சோல் காலாவதியானதும் பலகையும் நின்றுபோனது. சோதனை முறைகளை அதை நம்பி அமைத்தவர்கள் பழைய சாமான் சந்தையில் தேட வேண்டியதாயிற்று.

அளப்பது வேறு, குணப்படுத்துவது வேறு. வீ ரிமோட்டை ஆட்டினால் பக்கவாத நோயாளிகளின் கை விரைவில் தேறும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பெரிதாக எழுந்தது. கனடாவில் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நடந்த சிறிய முன்னோட்டச் சோதனை 2010-இல் நம்பிக்கை தந்தது. அதே குழு நான்கு நாடுகளில் 141 நோயாளிகளைக் கொண்டு பெரிய சோதனை நடத்தி, 2016-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவினர் வீ ஆடினார்கள். மற்றப் பிரிவினர் சீட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்கும் ஜெங்கா, பந்து என்று எளிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டார்கள். இரு பிரிவினரின் கைகளும் தேறின. வித்தியாசம் இல்லை. கை பலமுறை, நோக்கத்தோடு அசைய வேண்டும். அந்த அசைவை சென்சார் பார்க்கிறதா, சீட்டுக்கட்டு வாங்குகிறதா என்பது கைக்குத் தெரியாது. விசித்திரக் கருவிகளை மருத்துவப் பெயர் சூட்டி விற்பவர்கள் படிக்க வேண்டிய முடிவு இது. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: சீட்டாடத் துணையில்லாமல் தனியே வீட்டில் இருக்கும் நோயாளிக்கு, அலுக்காமல் கையை அசைக்க வைக்கும் எதுவும் வீண் இல்லை.

உடற்பயிற்சியில் கதை சற்றே தெளிவானது. கோனாமியின் நடன விளையாட்டான டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் 1998-இல் ஆர்கேடுகளில் தொடங்கி, பாயாகச் சுருண்டு வீடுகளுக்கு வந்தது. குழந்தைகளின் உடல்பருமனால் கவலைப்பட்ட மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் 765 அரசுப் பள்ளிகளிலும் இதை உடற்கல்வியில் சேர்க்கப்போவதாக 2006-இல் அறிவித்தது. அணி பிரிக்கும்போது கடைசியாக நிற்கும் பிள்ளைகள் எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் உண்டு. அவர்களும் வேர்க்க வேர்க்க ஆடும் விளையாட்டாக இது இருந்தது என்பதே இதன் சிறப்பு. 2019-இல் வந்த ரிங் ஃபிட் வளையமும் இதே வழியில்தான் போனது. அழுத்தினாலும் இழுத்தாலும் எவ்வளவு விசை என்று அளக்கும் வளையம். ஊரடங்கு வந்ததும் பல நாடுகளில் கடைகளில் கிடைக்காமல் போனது.

கினெக்ட் வேறு வகை: கையில் எதுவுமே இல்லாத கன்ட்ரோலர். அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை விழும் ஒழுங்கிலிருந்து ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத் தொழில்நுட்பம். 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. விளையாட்டுக்காரர்கள் விரைவில் சலித்துப்போனார்கள். உடல் அசைந்ததற்கும் திரை அசைந்ததற்கும் இடையே தாமதம். நிற்கப் பல அடி இடம் வேண்டும். பொத்தானை அழுத்தினோம் என்ற உணர்வு விரலுக்குக் கிடைக்காது. அடுத்த கன்சோலோடு கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றபோது போட்டியாளரின் விலை 399. 2014-இல் பிரித்து விற்றார்கள். 2017-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

ரோபோ ஆய்வாளர்களுக்கோ அது கிடைத்தற்கரிய பொருள். ஆழத்தைப் பார்க்கும் கேமராக்கள் அப்போது ஆயிரக்கணக்கில் விலை சொல்லின. இது 150 டாலர். அடாஃப்ரூட் நிறுவனம், கினெக்டை எவரும் பயன்படுத்தும்படி திறந்து காட்டுபவருக்குப் பரிசு அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் முகம் சுளித்ததும் பரிசுத்தொகை ஏறி 3,000 டாலர் ஆனது. சில நாட்களிலேயே ஹெக்டர் மார்ட்டின் அதைச் செய்து முடித்தார். பரிசுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதுதான் சுவை. வீ ரிமோட்டைத் தலைகீழாக்கிய அதே ஜானி லீ, அப்போது மைக்ரோசாஃப்டில் கினெக்டுக்காகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்துக்குள் பேசிப் பார்த்துப் பயனில்லாமல், தன் பணத்தைப் போட்டுப் போட்டியைத் தூண்டிவிட்டதாக மறு ஆண்டு அவரே எழுதினார். கதவு திறந்தபின் டொரன்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்கள் கையுறையைக் கழற்றாமல், எதையும் தொடாமல், காற்றில் கையசைத்து ஸ்கேன் படங்களைப் புரட்டினார்கள். பிரைம்சென்ஸை ஆப்பிள் 2013-இல் வாங்கியது. இன்று ஐஃபோன் முகத்தைப் பார்த்துத் திறப்பது அந்த வம்சாவளிதான். விளையாட்டில் தோற்ற கருவி வேறு வேலைகளில் இவ்வளவு தூரம் போனதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இசைக் கருவிகளில் ஆசை பெரியது, பலன் கலவையானது. 1990-இல் மிராக்கிள் பியானோ என்ற தொகுப்பு, உண்மையான மின்கீபோர்டை நின்டெண்டோவோடு இணைத்துப் பாடம் நடத்தியது. 2005-இல் வந்த கிடார் ஹீரோவின் ஐந்து வண்ணப் பொத்தான்களில் எவ்வளவு தேர்ந்தாலும் கிடார் வராது, தாளக்கட்டு வரலாம். டிரம் அதைவிட மேல். ராக் பேண்டில் கடின நிலையை எட்டியவரின் கையும் காலும் மெய்யான டிரம் வாசிப்புக்கு வெகு அருகில் வந்துவிடுகின்றன. 2010-இல் ராக் பேண்டு 3 கொண்டுவந்த கீபோர்டில் மிடி இணைப்பு இருந்தது. விளையாட்டு செத்தாலும் அது கீபோர்டாக வாழும். சந்தையைப் பிளாஸ்டிக் கிடார்களால் நிரப்பி, 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிடார் ஹீரோ பிரிவை மூடியது. அதே ஆண்டு யூபிசாஃப்ட் ராக்ஸ்மித்தில் செய்தது எளிமையின் உச்சம்: உங்களிடம் இருக்கும் மெய்யான மின்கிடாரைக் கன்சோலில் செருகிக்கொள்ள ஒரு கேபிள். பழைய கிடார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பியில்லா மாடல்கள் பலவற்றுக்குத் தனித்தனி யுஎஸ்பி துண்டு உண்டு. அது தொலைந்திருந்தால் நீங்கள் வாங்குவது சுவரில் மாட்டும் படம்.

பந்தயச் சக்கரத்தைப் பற்றி அதிகம் வாதிடத் தேவையில்லை. கட்டைவிரல் குச்சி ஒரு சென்டிமீட்டர் நகர்வதற்குள் முழு வளைவையும் அடக்க வேண்டும்; நல்ல சக்கரம் 900 பாகை சுழல்கிறது, டயர் பிடி விடும் கணத்தைக் கைக்குச் சொல்கிறது. நிசானும் பிளேஸ்டேஷனும் 2008-இல் தொடங்கிய ஜிடி அகாடமி போட்டியில் முதலில் வென்ற ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011-இல் லெ மான்ஸ் 24 மணிப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாமிடம் பிடித்த அணியில் கார் ஓட்டினார். விளையாட்டிலிருந்து நேரே ஓடுகளத்துக்குப் போய்விடவில்லை, இடையில் கடும் பயிற்சி இருந்தது. என்றாலும் முதல் தகுதிச் சோதனை வீட்டுக் கூடத்தில் நடந்தது. அறுவை மருத்துவத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஜேம்ஸ் ராசர் 2007-இல் 33 மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், முன்பு வாரத்துக்கு மூன்று மணிக்கு மேல் கேம் ஆடியவர்கள் லேப்ராஸ்கோப்பிப் பயிற்சிகளில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள். கேம்தான் காரணமா, இயல்பிலேயே கைத்திறன் உள்ளவர்கள்தான் கேம் ஆடினார்களா என்பதை அந்த எண்கள் சொல்லாது. அந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல், நெதர்லாந்தில் அண்டர்கிரவுண்ட் என்ற வீ யூ விளையாட்டுக்கு லேப்ராஸ்கோப்பிக் கருவியின் கைப்பிடிகளையே கன்ட்ரோலராகச் செய்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னவையெல்லாம் சாதாரணக் கன்ட்ரோலரைப் பிடிக்க முடிந்தவர்களுக்கானவை. இரண்டு கையும் பத்து விரலும் சொன்னபடி கேட்கும் என்று எண்ணிச் செய்யப்பட்ட வடிவம் அது. அப்படி இல்லாதவர்களுக்கு விசித்திரக் கருவி வேடிக்கைப் பொருளில்லை, விளையாட்டுக்குள் நுழையும் ஒரே வாசல். நின்டெண்டோ இதை 1989-லேயே செய்து பார்த்தது. மார்பில் அணியும் பெட்டி, நாக்காலோ தாடையாலோ அசைக்கும் குச்சி, ஊதினால் ஒரு பொத்தான், உறிஞ்சினால் இன்னொரு பொத்தான். விலை 120 டாலர். கடைகளில் கிடைக்காது, நின்டெண்டோவிடம் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஜப்பானின் அஸ்கி நிறுவனம் ஒரு கையால் மட்டும் ஆடும் கன்ட்ரோலர்களை, சாவகாசமாகச் சிற்றுண்டி தின்றுகொண்டே ஆட விரும்புபவர்களை மனதில் வைத்து விற்றது. ஒரு கையே உள்ளவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நெடுங்காலம் பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. தொண்டு அமைப்புகளும் கைவேலை தெரிந்த தனிமனிதர்களும் கன்ட்ரோலர்களைப் பிரித்து, கம்பி இழுத்து, ஒவ்வொரு உடலுக்கும் ஒன்றாகச் செய்துகொடுத்தார்கள். போரில் ஊனமுற்ற வீரர்களுக்காக இயங்கும் வார்ஃபைட்டர் என்கேஜ்டு அமைப்பு செய்த அப்படியொரு கருவியின் படம் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் கண்ணில் பட்டதிலிருந்துதான், 2018 செப்டம்பரில் 99.99 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் கதை தொடங்குகிறது. முகப்பில் உள்ளங்கையால், முழங்கையால், காலால்கூட அழுத்தக்கூடிய இரண்டு பெரிய வட்டங்கள். உண்மையான விஷயம் பின்பக்கம்: வரிசையாக 19 சாதாரண 3.5 மில்லிமீட்டர் துளைகள். ஹெட்ஃபோன் செருகும் அதே அளவு. மறுவாழ்வு மையங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் சுவிட்சுகள் ஏற்கெனவே இந்த முனையோடுதான் வருகின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருப்பதற்கு இடம் கொடுத்ததுதான் இந்த வடிவமைப்பின் அறிவு. அதன் பெட்டியைக்கூட விரல் வலு இல்லாமல், பல்லால் கடிக்காமல், வளையங்களில் கையை மாட்டி இழுத்துத் திறக்கலாம்.

விலையில் ஒரு பொறி உண்டு. பெட்டி 100 டாலர்தான். செருகும் சுவிட்ச் ஒவ்வொன்றும் தனியே பல பத்து டாலர் விலை சொல்லும். பத்துப் பொத்தான் வேண்டிய விளையாட்டுக்குக் கணக்கு எங்கேயோ போய்விடும். 2019-இல் லாஜிடெக், பன்னிரண்டு பொத்தான்களும் சுவிட்சுகளும் கொண்ட தொகுப்பை 99.99 டாலருக்குக் கொண்டுவந்தபின்தான் செலவு சற்று இறங்கியது. சோனியின் அக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது. வட்டமான அதன் உடலில் பொத்தான் மூடிகளைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், 360 பாகையில் எப்படி வைத்தும் ஆடலாம். ஆனால் வெளிச் சுவிட்சுகளுக்குத் துளைகள் நான்கே. கையில் ஓரளவு இயக்கம் உள்ளவருக்கு சோனியுடையது வசதி; தலை, கால், மூச்சு என்று சிதறிக் கிடக்கும் அசைவுகளைச் சேர்க்க வேண்டியவருக்கு மைக்ரோசாஃப்டின் 19 துளைகளே வழி. இவை எல்லாவற்றையும் விடச் சிக்கனமான உதவி மென்பொருளில் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் 2017 முதல் இருக்கும் கோபைலட் வசதி, இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாக எண்ணிக்கொள்ளும். குழந்தை ஓட, அம்மா குதிப்பதை மட்டும் அழுத்தலாம்.

இந்தப் பின்னணியில்தான் 2023-இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெறாத துணைக்கருவிகளை இணைத்தால் எக்ஸ்பாக்ஸ் ஒரு பிழை எண்ணைக் காட்டி, இரண்டு வாரத்தில் அவற்றை முடக்கிவிடும் என்று அந்த ஆண்டு அக்டோபரில் எச்சரிக்கத் தொடங்கியது. நவம்பர் 12-லிருந்து முடக்கியது. காரணம் நியாயமானது. ஒரு கன்ட்ரோலரை வேறொன்றாக நடிக்கவைக்கும் அடாப்டர்களைச் செருகி, துப்பாக்கி விளையாட்டுகளில் தானாகக் குறிதிருத்தி ஏமாற்றுபவர்கள் பெருகிவிட்டார்கள். சண்டை விளையாட்டுக்காரர்கள் முதலில் கூச்சலிட்டார்கள். குச்சியே இல்லாமல் பொத்தான்களால் மட்டும் ஆடும் அவர்களுடைய தனிச்செய்கருவிகள் பல இந்த வலையில் விழுந்தன. ஆனால் அதே அடாப்டர்களைக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர்களும் நம்பியிருந்தார்கள். குவாட்ஸ்டிக் என்ற வாய்க் குச்சி, ஊதியும் உறிஞ்சியும் உதட்டால் நகர்த்தியும் ஆடுவது, 1989-இன் அந்த மார்புப் பெட்டிக்குப் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். சில கன்சோல்களோடு பேச அதற்கு நடுவில் அடாப்டர் வேண்டும். கன்சோலுக்கு மறுமுனையில் இருப்பவர் யார் என்று தெரியாது. அடாப்டர் இருப்பது மட்டுமே தெரியும். அடாப்டிவ் கன்ட்ரோலரின் துளைகள் வழியாக வரும் சுவிட்சுக்கு இந்தத் தடை இல்லை. ஒரே ஆளுக்காக ஒரே ஒருமுறை பட்டறையில் செய்யப்பட்டு, நேரே கன்சோலில் செருகப்படும் கருவிக்கு உண்டு. அப்படிப்பட்ட கருவிக்கு அங்கீகாரம் வாங்க யார் விண்ணப்பிப்பது, கட்டணத்தை யார் கட்டுவது?